ஆய்வு விவாதத்தில் மாற்றுக் கருத்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டுரை வாசிப்புக் கூட்டமோ, துறைக் கருத்தரங்கோ, பல ஊர்களில் இருப்பவர்கள் எழுத்தில் நடத்தும் இணையவழி விவாதமோ, எங்கும் மாற்றுக் கருத்து தானாக வந்துவிடாது. அது வருவதற்கு வழி செய்து வைக்க வேண்டும். விவாதத்தை நடத்துபவர்களும் அதில் கலந்துகொள்பவர்களும் இதைப் பற்றி வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

கருத்துப் பன்மை என்றால் எல்லாக் கருத்துக்கும் சம மதிப்பு தர வேண்டுமா?

வேண்டாம். சொல்லும் உரிமை, பதில் பெறும் உரிமை, ஏற்கப்படும் உரிமை என்ற மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வரும் கேள்வி இது. சொல்லும் உரிமை உள்ளே வந்த எல்லாருக்கும் உண்டு. முதலாண்டு மாணவருக்கும் துறைத்தலைவருக்கும் அதில் ஏற்றத்தாழ்வு கிடையாது. பதில் பெற வேண்டுமானால் ஒரு சிறிய கடமை இருக்கிறது: எந்தக் கூற்றை மறுக்கிறீர்கள், எதை வைத்து மறுக்கிறீர்கள் என்று சொல்ல வேண்டும். ஏற்கப்படுவதோ உரிமைக் கணக்கிலேயே வராது. அது சான்றைப் பொறுத்தது.

அறிவியலின் நெறிகளைப் பற்றி 1942-இல் எழுதிய சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன், ஒரு கூற்றை அதைச் சொன்னவரின் இனம், நாடு, பதவி பார்க்காமல் எடைபோட வேண்டும் என்பதை ஒரு நெறியாகவும், எதையும் முறைப்படி ஐயுற வேண்டும் என்பதை இன்னொரு நெறியாகவும் வைத்தார். இரண்டும் சேர்ந்தே இயங்க வேண்டும். முதலாவது மட்டும் இருந்தால் விவாதம் வெறும் மரியாதைப் பரிமாற்றமாகிவிடும். இரண்டாவது மட்டும் இருந்தால் இளையவர்களின் வேலையை மட்டும் கிழித்துப் போடும் இடமாகிவிடும்.

"யார் வேண்டுமானாலும் பேசலாம்" என்று அறிவித்த பிறகும் ஏன் நாலு பேரே பேசுகிறார்கள்?

அனுமதி கொடுத்தால் மட்டும் வாய் திறந்துவிடாது. உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950-களின் தொடக்கத்தில் ஒரு சோதனை நடத்தினார். ஒரு கோட்டைக் காட்டி, அதே நீளமுள்ள கோட்டை மூன்றில் இருந்து எடுத்துச் சொல்ல வேண்டும். பார்த்தவுடன் தெரியும் விடை. ஆனால் கூட இருந்தவர்கள், முன்பே சொல்லி வைத்தபடி, ஒரே குரலில் தவறான கோட்டைக் காட்டினார்கள். அந்தச் சுற்றுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விடைகள் கூட்டத்தோடு சேர்ந்து தவறாயின. கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னபோது, ஒத்துப்போவது முன்பு இருந்ததில் நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. விவாதம் நடத்துபவர் பிடித்துக்கொள்ள வேண்டியது இந்த இரண்டாவது முடிவைத்தான். பெரும்பான்மையை மாற்ற வேண்டியதில்லை. முதல் மாற்றுக் குரல் வெளியே வந்தால் போதும், அடுத்தவருக்குத் தைரியம் வந்துவிடும்.

இன்னொரு காரணம் கண்ணுக்குத் தெரியாதது. 1985-இல் ஸ்டாசர், டைட்டஸ் இருவரும் வெளியிட்ட ஆய்வில், ஒரு பதவிக்குப் போட்டியிடும் வேட்பாளர்களைப் பற்றிய தகவல்களைக் குழுவினருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். சில தகவல்கள் எல்லார் கையிலும் இருந்தன, சில ஒருவர் கையில் மட்டும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒருவர்தான் சிறந்தவர். ஆனால் குழுக்கள் எல்லாருக்கும் தெரிந்ததையே திரும்பத் திரும்பப் பேசி, வேறொருவரைத் தேர்ந்தெடுத்தன. தனக்கு மட்டும் தெரிந்ததை யாரும் தடுக்காமலேயே மனிதர்கள் உள்ளேயே வைத்துக்கொள்கிறார்கள். ஆகவே "வேறு கருத்து உண்டா?" என்று கேட்பதைவிட, "இங்கே மற்றவர்களுக்குத் தெரிந்திருக்காத எது உங்களுக்குத் தெரியும்?" என்று பெயர் சொல்லிக் கேட்பது பலன் தரும்.

அப்படியானால் ஒரு கூட்டத்தை எந்த வரிசையில் நடத்துவது?

90 நிமிடக் கூட்டம், 10 அல்லது 11 பேர் என்று வைத்துக்கொள்வோம். கட்டுரை ஒரு வாரம் முன்பே எல்லாருக்கும் போய்விட வேண்டும். கூட்டத்துக்கு முந்தைய நாளுக்குள் ஒவ்வொருவரும் ஒருங்கிணைப்பாளருக்கு மட்டும் மூன்று வரி அனுப்ப வேண்டும்: கட்டுரையின் மையக் கூற்றை ஏற்கிறேனா, எவ்வளவு உறுதியாக (0 முதல் 10 வரை), எதைக் காட்டினால் என் எண்ணம் மாறும். முன்னேற்பாட்டில் மிக முக்கியமான படி இதுதான். மற்றவர் சொல்வதைக் கேட்கும் முன்பே எழுதிய கருத்தைப் பிறகு விழுங்குவது கடினம்.

கூட்டம் தொடங்கியதும் முதல் 10 நிமிடம், அந்த வரிகளைப் பெயர் சொல்லாமல் ஒருங்கிணைப்பாளர் வாசிக்கிறார். 3 என்று ஒருவரும் 9 என்று இன்னொருவரும் போட்டிருந்தால் அன்றைய விவாதம் அங்கேயே கிடைத்துவிட்டது. அடுத்த 35 நிமிடம் ஒரு சுற்று: பணியில் இளையவர் முதலில், மூத்தவர் கடைசியில், ஒருவருக்கு 3 நிமிடம், இடையில் யாரும் பதில் சொல்லக் கூடாது. பின்னர் 30 நிமிடம் திறந்த விவாதம். கடைசி 15 நிமிடத்தில் எல்லாரும் மறுபடியும் எண் போட வேண்டும். எண்ணை மாற்றியவர் ஏன் மாற்றினார் என்று ஒரு வரி சொல்ல வேண்டும்.

இது எங்கே கெடும்? பெரும்பாலும் மூத்தவர் தன் முறைக்கு முன்பே முகத்தாலும் தலையாட்டலாலும் தீர்ப்புச் சொல்லிவிடுவதில். சுற்று முடியும்வரை அவர் குறிப்பெடுக்கட்டும். இன்னொரு இடம் நேரக்கணக்கு. மூன்று நிமிடம் ஐந்தானால் கடைசியில் பேசும் மூன்று, நான்கு பேருக்கு நேரம் போதாது, திறந்த விவாதமும் சுருங்கிவிடும். கடிகாரம் பார்க்க ஒருவரைத் தனியாக வையுங்கள். ஒருங்கிணைப்பாளரே அதையும் செய்தால் மூத்தவரை நிறுத்தத் தயங்குவார்.

எழுத்தில் நடக்கும் இணையவழி விவாதத்துக்கும் இதே வழி சரிவருமா?

சில பகுதிகள் அப்படியே பொருந்தும், சில மாறும். எழுத்தில் முதல் பதில் எந்தத் திசையில் போகிறதோ அந்தத் திசையிலேயே மீதியும் போகும். அதனால் கேள்வியை வைத்ததும் 48 மணி நேரம் யாருடைய பதிலையும் காட்டாமல் சேர்த்து, பின்பு ஒன்றாக வெளியிடுவது நல்லது. வேறு நேர மண்டலத்தில் இருப்பவருக்கும், ஒருமுறை எழுதி மறுமுறை திருத்தும் பழக்கமுள்ளவருக்கும் அது வாய்ப்புத் தரும்.

ஒருவரே பத்துப் பதில் எழுதுவதற்கு வரம்பு தேவை. நடைமுறையில் பயன்படுவது இதுதான்: ஒருவர் எழுதிய பிறகு வேறு இருவர் எழுதும்வரை அவர் மீண்டும் எழுதக் கூடாது. விவாதப் பொருளாக உள்ள கட்டுரையின் ஆசிரியருக்கு மட்டும் விதிவிலக்கு. இன்னொன்று, மௌனத்தைச் சம்மதமாகக் கணக்கிடக் கூடாது. 40 பேரில் 6 பேர் "ஆம்" என்றால் அது 6 பேரின் கருத்து. "குழு ஏற்றுக்கொண்டது" என்று எழுதினால் பொய்.

திறந்த எழுத்து விவாதம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2009-இல் கணிதவியலாளர் திமோதி கௌவர்ஸ் தொடங்கிய பாலிமேத் முயற்சி சாட்சி. ஒரு கடினமான தேற்றத்துக்குப் புதிய நிறுவலைத் தேடி, 27 பேர் 37 நாட்களில் சுமார் 800 குறிப்புகள் எழுதினார்கள். முழுமையான யோசனை வரும்வரை காத்திருக்காமல், சிறிய, அரைகுறையான யோசனையைக்கூட உடனே எழுதுங்கள் என்று முன்பே சொல்லிவைத்திருந்தார்கள். அரைகுறை யோசனையைக் கேலி செய்ய மாட்டார்கள் என்ற நம்பிக்கை இருக்கும் இடத்தில்தான் இது நடக்கும். கிடைத்த முடிவு டி.எச்.ஜே. பாலிமேத் என்ற கூட்டுப் பெயரில் கட்டுரையானது.

மறுப்பை எப்படி எழுதுவது? எவ்வளவு நயமாகச் சொன்னாலும் மனம் புண்படுகிறதே?

நயத்தைவிடத் துல்லியம் அதிகம் உதவும். பொதுவாகச் சொன்ன மறுப்புதான் ஆளைக் குத்தும், குறிப்பாகச் சொன்னது வேலையோடு நிற்கும். ஓர் எடுத்துக்காட்டு. ஒரு கட்டுரை, இரவில் தூக்கம் குறைந்த மாணவர்களுக்கு நினைவுத்திறன் குறைகிறது என்கிறது. வழக்கமாக வரும் மறுப்பு இப்படி இருக்கும்: "ஆய்வுமுறை பலவீனமானது. இந்த முடிவை ஏற்க இயலாது." இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? ஆசிரியர் கோபப்படலாம், அவ்வளவுதான்.

இதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "தூக்கம் குறைந்த குழுவுக்கு நினைவுத்திறன் குறைவு என்கிறீர்கள், அட்டவணை 2-இல் வேறுபாடு தெளிவாகவே தெரிகிறது. ஆனால் அந்தக் குழுவில் 18 பேரில் 11 பேர் தேர்வு வாரத்தில் சோதிக்கப்பட்டவர்கள், மற்றக் குழுவில் 3 பேர் மட்டுமே. வேறுபாடு தேர்வுப் பதற்றத்தால் வந்திருக்கலாம். தேர்வு வாரத்தவர்களை நீக்கிவிட்டுக் கணக்கிட்டாலும் இதே வேறுபாடு வந்தால் என் மறுப்பை விலக்கிக்கொள்கிறேன்." நான்கு வாக்கியம்: அவர் சொன்னது என்ன, சிக்கல் எந்த இடத்தில், அதற்கு வேறு விளக்கம் என்ன, எதைக் காட்டினால் மறுப்பு தீரும். நான்காவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாத மறுப்புக்கு முடிவே கிடையாது.

முதல் வாக்கியம் அலங்காரமும் இல்லை. நன்னூல் பிறர் கருத்தைக் கையாளும் வழிகளை எழுவகை மதம் (இங்கே மதம் என்பது கொள்கை) என்று வகுக்கிறது. உடன்படல், மறுத்தல் இரண்டையும் அடுத்து மூன்றாவதாக நிற்பது பிறர்தம் மதம் மேற்கொண்டு களைவு: எதிராளியின் கருத்தை முதலில் தானும் ஏற்றுக்கொண்டு, பிறகு அதை நீக்குவது. ஒருவர் கருத்தை அவரே "ஆம், இதைத்தான் சொன்னேன்" என்று ஒப்பும்படி எடுத்துச் சொன்ன பிறகே மறுக்கத் தொடங்குங்கள். அப்படிச் சொல்லிப் பார்க்கும்போதே பாதி மறுப்புகள் தவறான வாசிப்பால் வந்தவை என்று நமக்கே தெரிந்துவிடும். மறுப்பதற்கு முன் உடன்படலை ஒரு தனி வழியாக அந்த வரிசை வைத்திருப்பதும் கவனிக்கத்தக்கது. ஏற்பதையும் காரணத்தோடு சொல்ல வேண்டும்.

மாணவர் தன் நெறியாளரை மறுப்பது எப்படி?

பொதுக்கூட்டத்தில் முதல் முறையாகச் சொல்லாதீர்கள், முன்கூட்டியே எழுத்தில் அனுப்புங்கள். முடிவை விட்டுவிட்டுத் தரவில் ஓர் இடத்தைக் காட்டுங்கள்: "ஐயா, அட்டவணை 3-இல் கடைசி இரண்டு வரிகளை நான் திரும்பக் கணக்கிட்டபோது வேறு எண் வருகிறது. என் கணக்கை இணைத்திருக்கிறேன். எங்கே தவறுகிறேன் என்று பார்த்துச் சொல்ல முடியுமா?" இது பணிவுக்காகச் சொல்லும் பொய்யாக இருக்கத் தேவையில்லை. தவறு உண்மையிலேயே உங்கள் பக்கமும் இருக்கலாம்.

ஆனால் இந்தச் சுமை முழுவதையும் மாணவர் மேல் ஏற்றுவது சரியில்லை. கூட்டத்தில் நெறியாளர் ஒருமுறையாவது "இந்த இடத்தில் நான் தவறிவிட்டேன், இவர் சொன்னதுதான் சரி" என்று மாணவரின் பெயரோடு சொன்னால், அது பத்து அறிவிப்புகளுக்கு மேல் வேலை செய்யும்.

எல்லாரும் ஒத்துப்போகும்போது, மறுப்பதற்கென்றே ஒருவரை நியமிக்கலாமா?

நியமிக்கலாம், ஆனால் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். கத்தோலிக்கத் திருச்சபையில் ஒருவரைப் புனிதராக அறிவிப்பதற்கு எதிராக வாதாடவே ஒரு பதவி 1587-இல் முறைப்படி ஏற்பட்டது. 1983-இல் அந்த நடைமுறை பெரிதும் மாற்றப்பட்டது. பிற்காலத்தில் உளவியலாளர் சார்லன் நெமெத் நடத்திய ஆய்வுகளில், வேடம் போட்டு மறுப்பவரைவிட உண்மையிலேயே மறுக்கும் ஒருவர் இருந்தால்தான் குழுவின் சிந்தனை விரிகிறது என்று தெரிந்தது. வேடம் என்று தெரிந்ததும் மற்றவர்கள் கேட்டுக்கொண்டு கடந்துவிடுகிறார்கள்.

பயன் தரும் மாற்றுவழி ஒன்று உண்டு. "இந்த ஆய்வு இரண்டு ஆண்டுக்குப் பிறகு தவறென்று நிறுவப்பட்டுவிட்டது. ஏன் என்று ஐந்து நிமிடத்தில் எழுதுங்கள்" என்று எல்லாரிடமும் கேளுங்கள். தோல்வி நடந்துவிட்டதாகவே வைத்துக்கொண்டு கேட்பதால், குறை சொல்வது நட்புக்குத் துரோகம் போலத் தோன்றாது.

பெயரை மறைத்துக் கருத்துச் சொல்ல அனுமதிக்கலாமா?

புனைபெயர் வேறு, பெயரே இல்லாமை வேறு. புனைபெயருக்கு ஒரு தொடர்ச்சி இருக்கிறது. இன்று சொன்னதற்கு நாளை அதே பெயர் பதில் சொல்ல வேண்டும். புள்ளியியலில் இன்றும் பயன்படும் டி-சோதனை, கின்னஸ் மதுவடிப்பாலையில் வேலை செய்த வில்லியம் காசெட் "ஸ்டூடன்ட்" என்ற புனைபெயரில் 1908-இல் வெளியிட்ட கட்டுரையில் இருந்து வந்தது. நிக்கோலா பூர்பாக்கி என்பதும் ஒரு கணிதக் குழுவின் கூட்டுப் புனைபெயர். பெயர் தெரியாததால் அந்த வேலைகளின் தரம் குறையவில்லை.

நம் பரிந்துரை: ஒருங்கிணைப்பாளருக்கு மட்டும் ஆள் தெரிந்த, மற்றவர்களுக்குத் தெரியாத நிலையான புனைபெயர். வசை வந்தால் கேட்க ஆள் உண்டு, பதவிக்குப் பயப்படுபவருக்கும் பாதுகாப்பு உண்டு. ஆனால் 12 பேர் கொண்ட குழுவில் நடையை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். கோப்பாக அனுப்பினால் கோப்பின் பண்புகளில் எழுதியவர் பெயர் தங்கியிருக்கும். அனுப்பும் முன் அதை நீக்க வேண்டும்.

நேரடிக் கூட்டத்துக்கு 1927-இல் இருந்து இருக்கும் சாதம் ஹவுஸ் விதி எளிது: கேட்ட தகவலைப் பயன்படுத்தலாம், யார் சொன்னார், எந்த நிறுவனம், கூட்டத்தில் வேறு யார் இருந்தார் என்பதை வெளியிடக் கூடாது. பதிவுக்கருவி ஓடிக்கொண்டிருந்தால் இந்த விதிக்குப் பொருள் இல்லை. தொடக்கத்திலேயே அணைத்துவிடுங்கள்.

இருவர் மாதக்கணக்கில் மோதிக்கொண்டிருக்கிறார்கள். எப்படி முடிப்பது?

யார் சரி என்று வாக்கெடுக்காதீர்கள். இருவரையும் சேர்ந்து ஒரு சோதனை வடிவமைக்கச் சொல்லுங்கள். உளவியலாளர் டேனியல் கானமன் எதிராளிகளின் கூட்டாய்வு என்று இதை வற்புறுத்தினார். அவரும் அவர் கருத்தை மறுத்த ரால்ஃப் ஹெர்ட்விக்கும், பார்பரா மெல்லர்ஸை நடுவராக வைத்துச் செய்த ஆய்வு 2001-இல் வெளிவந்தது.

நடுவர் இருவரும் ஒப்பும் ஒருவராக இருக்க வேண்டும். தரவு சேர்க்கும் முன்பே, "இந்த முடிவு வந்தால் நான் சொன்னது தவறு" என்று இருவரும் தனித்தனியாக எழுதி நடுவரிடம் கொடுக்க வேண்டும். இங்கேதான் பெரும்பாலான முயற்சிகள் முறியும்: எந்த முடிவு வந்தாலும் தன் கொள்கை நிற்கும் என்பது போல ஒருவர் எழுதுவார். நடுவர் அதைத் திருப்பி அனுப்ப வேண்டும். முடிவு வந்த பிறகும் விளக்கத்தில் பிணக்கு இருந்தால், ஒரே கட்டுரையில் இருவரும் தத்தம் விளக்கத்தைத் தனிப் பகுதியாக எழுதலாம். மாதங்கள் ஓடிய சண்டை அப்போது இரண்டு பக்கத்துக்குள் அடங்கும்.

"வெகெனரையும்தான் அன்றைக்கு நிராகரித்தார்கள்" என்று ஒருவர் தன் கருத்துக்கு ஆதரவாகச் சொன்னால்?

ஆல்ஃபிரட் வெகெனர் 1912-இல் கண்டங்கள் நகர்கின்றன என்றார். 1960-களில்தான் நிலவியலாளர்கள் பரவலாக ஏற்றனர். அவர் 1930-இலேயே இறந்துவிட்டார். டான் ஷெஷ்ட்மன் 1982-இல் கண்ட, அன்றைய படிக விதிகளுக்கு ஒவ்வாத படிகத்தை லைனஸ் பாலிங் போன்ற பெரியவரே மறுத்தார். 2011-இல் ஷெஷ்ட்மனுக்கு நோபல் பரிசு வந்தது. இவை உண்மை. ஆனால் இதை வைத்து "என்னை மறுக்கிறீர்கள், ஆகவே நான் சரி" என்று போக முடியாது. நிராகரிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை தவறாகவே இருந்தன, அவற்றின் பெயர் நமக்கு நினைவில்லை.

வெகெனரிடம் கண்டங்களை எது நகர்த்துகிறது என்பதற்குச் சரியான விளக்கம் இல்லை. அதைக் கேட்டது நியாயமான மறுப்பு. கடலடித் தரை விரிவதற்கான சான்றுகள் வந்ததும் விளக்கமும் வந்தது. அநியாயம் நடந்தது அவரை எள்ளி நகையாடியதில்தான். ஆகவே இப்படிச் சொல்பவரிடம் கேட்க வேண்டியது ஒன்றே: பிறர் சோதித்துப் பார்க்கக்கூடிய எதை வைக்கிறீர்கள்? ஷெஷ்ட்மன் படிகத்தின் உள்ளமைப்பைக் காட்டும் எலக்ட்ரான் விளிம்பு வளைவுப் படத்தை வைத்தார், மற்றவர்களும் எடுத்துப் பார்க்க முடிந்தது.

விவாதத்தில் இருந்து எதை நீக்கலாம், எதை நீக்கக் கூடாது?

ஆளைத் தாக்குவது, அடுத்தவரின் தனிப்பட்ட விவரங்கள், ஆய்வில் பங்கேற்றவர்களை அடையாளம் காட்டும் தரவு ஆகியவற்றை நீக்கலாம். பதில் தரப்பட்ட கேள்வியைப் புதிய சான்று எதுவும் இல்லாமல் மூன்றாவது முறை கேட்டால், பழைய பதிலுக்கு வழிகாட்டிவிட்டு மூடலாம். கருத்து தவறு என்பதற்காகவோ, பெரும்பாலோர்க்குப் பிடிக்கவில்லை என்பதற்காகவோ நீக்கக் கூடாது. நீக்கிய ஒவ்வொன்றுக்கும் தேதி, விதி எண், முறையிட வழி மூன்றும் பொதுவில் இருக்கட்டும். நீக்கியவரே முறையீட்டையும் விசாரிக்கக் கூடாது.

மொழிப்பிழையை ஒருபோதும் காரணமாக்க வேண்டாம். விவாத மொழி பலருக்குத் தாய்மொழியாக இருக்காது. "நீங்கள் சொல்வது இதுதானா?" என்று ஒருவர் தெளிவாக எழுதிக் காட்டினால் நல்ல கருத்து தப்பிப்பிழைக்கும்.

நாமே தவறியிருந்தால் எப்படித் திருத்துவது?

பழைய வரியை அழிக்காதீர்கள். மேலே தேதியிட்டு, எந்த வரி தவறு, யார் காட்டினார், சரியானது எது என்று எழுதுங்கள். அழித்தால் அதற்கு வந்த பதில்கள் அர்த்தமில்லாமல் தொங்கும், தவற்றைக் காட்டியவரின் உழைப்பும் மறையும். 2011 செப்டம்பரில் ஓபெரா ஆய்வுக் குழு, ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்தில் இருந்து இத்தாலியின் கிரான் சாசோ ஆய்வகத்துக்குச் சுமார் 730 கி.மீ. வந்த நியூட்ரினோக்கள் என்ற நுண்துகள்கள் ஒளியைவிட 60 நானோநொடி முந்தி வந்ததாக அறிவித்தபோது, எங்கே பிழை என்று தேடிப் பாருங்கள் என்று மற்றவர்களையும் கேட்டுக்கொண்டது. முதல் கட்டுரையில் கையெழுத்திட அந்தக் குழுவிலேயே சிலர் மறுத்தார்கள். அடுத்த ஆண்டு, சரியாகப் பொருத்தப்படாத ஓர் ஒளியிழை வடத்தில் பிழை அகப்பட்டது.

கடைசிவரை ஒத்துப்போகாவிட்டால் குறிப்பில் என்ன எழுதுவது?

"விவாதம் நடந்தது" என்று எழுதினால் ஒன்றுமே எழுதாததற்குச் சமம். பெரும்பான்மைக் கருத்து இரண்டு வரி. அதன் கீழே அதே எழுத்தளவில் சிறுபான்மைக் கருத்து இரண்டு வரி, அதை வைத்திருப்பவர்களே எழுதியது. மற்றவர் எழுதினால் கூர் மழுங்கும். அடுத்த வரியில், இரு தரப்பும் எந்தத் தரவு வந்தால் திரும்பப் பேசுவதென ஒப்பின என்பது. அதற்கும் கீழே, திரும்ப எடுக்கும் தேதி, ஆறு மாதத்துக்கு மேல் போகாமல். அந்தத் தேதியில் சிறுபான்மைத் தரப்பே முதலில் பேச வேண்டும்.